பெரிய உள்விளையாட்டு அரங்கை முதன்முறை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

பள்ளிக்கூட மைதானத்திலும் சிறிய கூடங்களிலும் போட்டி நடத்திப் பழகிவிட்டு, ஒரு கட்டத்தில் பெரிய உள்விளையாட்டு அரங்குக்குப் போகலாம் என்று எல்லாக் குழுக்களுக்கும் ஆசை வரும். எங்களுக்கும் வந்தது. ஒற்றையர் பேட்மிண்டன், 64 பேர், நான்கு கோர்ட், ஒரே நாள். காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை அரங்கை எடுத்தோம். பன்னிரண்டு மணி நேரம் தாராளம் என்று நினைத்தோம். இரவு எட்டு மணிக்குக் கால் இறுதி ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அரங்கு ஊழியர் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். அதற்குப் பிறகு ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூடுதல் கட்டணம் கட்டினோம். இறுதி ஆட்டத்தைப் பார்க்கக் கேலரியில் இருபது பேர்கூட இல்லை. ஜெயித்த பெண்ணுக்குக் கோப்பை கொடுக்கும்போது பின்னால் கோர்ட்டில் விரித்திருந்த மேட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதன் பிறகு இன்னும் சில போட்டிகள் நடத்திவிட்டோம். முதல் முறை எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்தவற்றை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஊருக்கு ஊர் விதிகளும் கட்டணமும் மாறும். ஆனால் எங்கே போனாலும் நீங்கள் வாடகைக்கு எடுப்பது மணி நேரத்தைத்தான். கட்டடம், விளக்கு, நாற்காலி எல்லாம் அந்த மணி நேரத்துக்குள் அடக்கம். அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்குவோம்.

1. தேதி கேட்பதற்கு முன் மணிக்கணக்குப் போடுங்கள்

தோற்றவர் அத்தோடு வெளியேறும் நாக்அவுட் முறையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. 64 பேர் என்றால் 63 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு, அடுத்தவர்கள் உள்ளே வந்து கை கால் உதறிக்கொள்ளும் நேரமும் சேர்த்து, 40 நிமிடம் வையுங்கள். நான்கு கோர்ட் இருக்கிறதே, 63-ஐ நான்கால் வகுத்தால் பதினாறு முறைக்குள் முடிந்துவிடும், பத்தரை மணி நேரம் சொச்சம் என்றுதான் நாங்களும் கணக்குப் போட்டோம்.

அந்தக் கணக்கு தப்பு. முதல் சுற்றின் 32 ஆட்டங்கள் நான்கு கோர்ட்டில் எட்டு முறை. அடுத்த 16 ஆட்டங்கள் நான்கு முறை. பிறகு எட்டு ஆட்டங்கள் இரண்டு முறை, கால் இறுதி ஒரு முறை. அரையிறுதிக்கு இரண்டு கோர்ட் சும்மா கிடக்கும், இறுதிக்கு மூன்று சும்மா கிடக்கும். ஆனாலும் கடிகாரம் ஓடும். ஆக மொத்தம் 17 முறை, 680 நிமிடம், அதாவது 11 மணி 20 நிமிடம். இது எதுவுமே தப்பாக நடக்காதபோது. கடைசிச் சுற்றுகளில் ஒரே ஆள் அடுத்தடுத்து ஆட வேண்டியிருக்கும். நடுவில் குறைந்தது அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்காவிட்டால் அது நியாயமான போட்டி ஆகாது. அதையும் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம் ஆட்டத்துக்கே போய்விடும்.

இதற்கு மேல்தான் மேட் விரிப்பது, வலை கட்டுவது, மேஜை போடுவது, மைக் சோதிப்பது. முடிந்த பிறகு எல்லாவற்றையும் எடுப்பது, பெருக்குவது, ஒப்படைப்பது. எங்களுக்கு நான்கு மேட் விரித்துக் கோடு நேராக்க ஏழெட்டுப் பேர் சேர்ந்தும் இரண்டு மணி நேரம் ஆனது. எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தவர்கள் பத்து மணிக்குத்தான் முதல் ஆட்டத்தைத் தொடங்கினோம்.

எனவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். சாவியைக் கொடுக்கும் நேரம் எது? அதற்கு மூன்று மணி நேரம் முன்னால் பரிசளிப்பு முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் இறுதி ஆட்டம், அப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டே வந்தால் நீங்கள் உள்ளே நுழைய வேண்டிய நேரம் தெரியும். பெரும்பாலும் அது முந்தின நாள் மாலையாக இருக்கும். முந்தின மாலைக்குப் பல அரங்குகள் பாதி வாடகையோ அதற்கும் குறைவாகவோதான் வாங்கும். ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையை 32 ஆகக் குறைப்பதா, இரண்டு நாளாக நடத்துவதா என்று இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிய பிறகு குறைக்க முடியாது.

2. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்

அரங்கின் விளம்பரத் தாளில் "ஆறு பேட்மிண்டன் கோர்ட்" என்று போட்டிருக்கும். தரையிலும் ஆறு கோர்ட்டுக்குக் கோடு இருக்கும். அது தினசரிப் பயிற்சிக்குப் போட்ட கோடு. ஒரு கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். ஒரு கோர்ட்டுக்கும் பக்கத்துக் கோர்ட்டுக்கும் நடுவில் இரண்டு மீட்டர், ஓரச் சுவருக்கும் இரண்டு மீட்டர் விட்டால் 40 மீட்டர் நீளத் தரையில் நான்கு கோர்ட்தான் பிடிக்கும். ஐந்தாவதுக்கு 42.5 மீட்டர் வேண்டும். நெருக்கிப் போட்டால் ஒருவர் ஷட்டிலைத் துரத்திக்கொண்டு அடுத்த கோர்ட்டுக்குள் போய் இன்னொருவர் கணுக்காலில் மோதுவார். ஒரு முறை பார்த்துவிட்டேன், இனி அந்தத் தவறைச் செய்ய மாட்டேன்.

மற்ற விளையாட்டுகளுக்கும் இதே மாதிரி கோட்டுக்கு வெளியே இருக்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர். நான்கு பக்கமும் குறைந்தது மூன்று மீட்டர் காலியாக இருக்க வேண்டும், தலைக்கு மேல் ஏழு மீட்டர்வரை எதுவும் தொங்கக் கூடாது. கூடைப்பந்துக்கு 28-க்கு 15, சுற்றிலும் இரண்டு மீட்டர், உயரம் இங்கும் ஏழு மீட்டர். டேபிள் டென்னிஸில் மேஜை சின்னதுதான், ஆனால் ஒரு மேஜைக்கு 14-க்கு 7 மீட்டர் ஆடுகளம் கேட்பார்கள். கபடிக்கு ஆண்களுக்கு 13-க்கு 10, பெண்களுக்கு 12-க்கு 8. அதற்கு வெளியே ஆட்டமிழந்தவர்கள் அமரும் கட்டத்துக்கும் மேஜைக்கும் இடம் வேண்டும்.

உயரத்தை அளக்கும்போது கூரையைப் பார்க்காதீர்கள். கூரையிலிருந்து கீழே இறங்கி வந்திருக்கும் ஏ.சி. குழாய், விளக்குச் சட்டம், நடுவில் தொங்கும் ஸ்கோர்போர்டு இவற்றின் அடிப்பகுதிவரைதான் உயரம். பேட்மிண்டனில் உயரமாகத் தூக்கி அடிக்கும் ஷட்டில் இவற்றில் பட்டால் ஆட்டத்துக்கு ஆட்டம் தகராறு வரும். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 12 மீட்டர் எதிர்பார்க்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் அரங்கு எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கண்ணி, இழுத்து விரிக்கும் கேலரி. சுவரோடு மடங்கி நிற்கும்போது தரை விசாலமாகத் தெரியும். பார்வையாளர்களுக்காக அதை வெளியே இழுத்தால் ஒவ்வொரு பக்கமும் சில மீட்டர் தரை போய்விடும். அளக்கப் போகும்போது ஒரு பக்கத்தையாவது முழுக்க இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். சங்கடப்படாமல் கேளுங்கள், காட்டுவார்கள்.

வலைக் கம்பங்களையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். மரத்தரை அரங்குகளில் வாலிபால் கம்பம் நிறுத்தத் தரைக்குள் குழி இருக்கும், மேலே பித்தளை மூடி போட்டிருப்பார்கள். ஒரு போட்டிக்கு எங்கள் கம்பங்களை நாங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மூடியைத் திறந்து கம்பத்தை இறக்கினால் இறங்கவில்லை. குழியின் வாய் எங்கள் கம்பத்தைவிட விரல் அகலம் சின்னது. இரவு ஒன்பது மணிக்கு வேறு கம்பம் தேடி அலைந்தோம். குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அரங்கின் கம்பத்தையே வாடகைக்குக் கேளுங்கள்.

3. ஒரு முறை, உங்கள் போட்டி நேரத்திலேயே போய்ப் பாருங்கள்

காலியாக இருக்கும் அரங்கைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் தெரியும். வேறு யாராவது போட்டி நடத்தும் நாளில், முடிந்தால் உங்கள் ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில் போய் உட்காருங்கள். மேற்குப் பக்க ஜன்னலிலிருந்து மாலை வெயில் நேராகக் கோர்ட்டில் விழுகிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, ஒலிபெருக்கியில் பேர் கூப்பிட்டால் கேலரியில் புரிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

முக்கியமாக இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஏ.சி. காற்று. எங்கள் போட்டியில் மூன்றாம் கோர்ட்டில் ஒரு பக்கம் ஆடியவர்கள் அடித்த ஷட்டில் எல்லாம் பின்கோட்டைத் தாண்டிப் போனது, எதிர்ப்பக்கம் அடித்தது நடுவிலேயே விழுந்தது. ஒரு பையன் நான்கு முறை வெளியே அடித்துவிட்டு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் மேல் தப்பில்லை, மேலே குளிர்காற்று வரும் வாய் கோர்ட்டை நோக்கித் திரும்பியிருந்தது. போகும்போது ஒரு டப்பா ஷட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்தால், சரியான வேகமுள்ள ஷட்டில் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். இதை இரு திசையிலும், ஏ.சி. ஓடும்போதும் நிறுத்தியபோதும் செய்து பாருங்கள். எந்த வேக எண் ஷட்டில் வாங்குவது என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். மொத்தமாக வாங்கிவிட்டு வந்து சோதித்தால் காசு வீண்.

இரண்டாவது, விளக்கு. எந்த வகை விளக்கு என்று கட்டாயம் கேளுங்கள். எல்இடி என்றால் கவலை குறைவு. பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் என்றால், மின்சாரம் ஒரு விநாடி போய் வந்தாலும் அவை அணைந்துவிடும். குளிர்ந்த பிறகுதான் மறுபடி பற்றும், முழு வெளிச்சம் வர 10 முதல் 20 நிமிடம் ஆகும். எங்களுக்கு மதியம் மின்சாரம் ஒரு சிமிட்டு சிமிட்டியது. ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது, ஆனாலும் விளக்குகள் மங்கலாக நீலநிறத்தில் கிடந்தன. எட்டு ஆட்டக்காரர்கள் கோர்ட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். 25 நிமிடம் போனது. இப்படிப்பட்ட அரங்கு என்றால் நேர அட்டவணையில் அரை மணி நேரத்தைச் சும்மா ஒதுக்கி வையுங்கள்.

4. "எத்தனை பேர் உட்காரலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள்

அரங்கின் கொள்ளளவு என்று சொல்லும் எண் ஒரே எண் கிடையாது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்துக்கு 19,812 இருக்கை, ஐஸ் ஹாக்கிக்கு 18,006. பனித்தளம் பெரியது, அதனால் இருக்கை குறைகிறது. இசை நிகழ்ச்சி என்றால் தரையிலும் நாற்காலி போடுவதால் கணக்கு மறுபடி மாறும். உங்களிடம் சொல்லப்படும் பெரிய எண் பெரும்பாலும் தரையில் நாற்காலி போட்டபோது வரும் எண்ணாக இருக்கும். உங்கள் தரையில் கோர்ட் இருக்கிறது.

எனவே "இந்த விளையாட்டுக்கு, இந்தக் கோர்ட் அமைப்புக்கு, தீயணைப்புத் துறை அனுமதித்த எண் என்ன?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட் அச்சடிப்பது, காவலர் எண்ணிக்கை, காப்பீடு எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். சின்னப் போட்டி என்றால் மேல் கேலரியைப் பூட்டி வைக்கச் சொல்லலாம். துப்புரவுக் கட்டணமும் காவலர் கட்டணமும் குறையும். கூட்டமும் சிதறாமல் கீழே ஒன்றாக இருக்கும், ஆடுபவர்களுக்கு அதுவே பெரிய உற்சாகம்.

5. விலைப்பட்டியலை வரி வரியாகப் பிரித்து வாங்குங்கள்

போனில் சொல்வது வெறும் கட்டட வாடகை. எங்கள் முதல் போட்டியில் கடைசி பில் அந்த வாடகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாமே விதிகளில் அச்சாகியிருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை இவை:

வாடகை எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, தயாரிப்பு நேரம் உள்ளடக்கமா, வரி உள்ளே இருக்கிறதா வெளியேவா. ஏ.சி. மணிக்கணக்கா நாள் கணக்கா. மின்சாரம் மீட்டர்படியா. மீட்டர்படி என்றால் நுழைந்ததும் மீட்டரைப் போட்டோ எடுக்க வேண்டும். ஜெனரேட்டர் வாடகையில் டீசல் சேர்த்தியா. ஸ்கோர்போர்டு, மைக், மேஜை, நாற்காலி, மேட் ஒவ்வொன்றுக்கும் தனி வாடகையா. துப்புரவு, காவலர், பார்க்கிங், மின்பணியாளர். கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு, பத்து நிமிடம் தாண்டினாலும் முழு மணி நேரக் கணக்கா. உங்கள் ஸ்பான்சர் பேனர் கட்டத் தனிக் கட்டணமா. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாமா, இல்லை அவர்களின் கேன்டீனில்தான் வாங்க வேண்டுமா.

கடைசி இரண்டும் பலர் கோட்டை விடும் இடம். ஸ்பான்சரிடம் பணம் வாங்கிவிட்டு, அரங்குக்குள் அவர்களோடு வியாபாரத்தில் போட்டியிடும் நிறுவனத்தின் நிரந்தர விளம்பரம் இருப்பது போட்டி நாளில் தெரிந்தால் பெரிய சிக்கல். உணவுக்கும் அப்படித்தான். 64 பேருக்கும் நடுவர்களுக்கும் வெளியே சமைக்கச் சொல்லிவிட்டு, வாசலில் தடுத்தால் என்ன செய்வீர்கள்?

மின்சாரத்துக்கு நீங்கள் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும், எந்தக் கருவி எத்தனை வாட் என்று. ஸ்கோர்போர்டும் கணினியும் கொஞ்சம்தான் இழுக்கும். டீ போடும் மின்கெட்டிலும் சாப்பாடு சூடாக்கும் பெட்டியும் நிறைய இழுக்கும். இவை இரண்டையும் ஒலிபெருக்கி இருக்கும் அதே இணைப்பில் செருகினால் முதலில் போவது மைக். சாப்பாட்டுக்குத் தனி இணைப்புக் கேளுங்கள்.

6. ஆவணங்கள்

இதில் சோம்பல் வேண்டாம். ஒரு கோப்பில் கீழ்க்கண்டவற்றை மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பக் கடிதம், உங்கள் சங்கம் அல்லது கழகத்தின் பதிவுச் சான்று, கையெழுத்துப் போடுபவருக்கு அந்த அதிகாரம் கொடுத்த கூட்டத் தீர்மானம், அவரின் அடையாள அட்டை, நிகழ்ச்சி நிரல், தரை வரைபடம், மின்சாரப் பட்டியல், வெளியிலிருந்து வரும் ஒப்பந்ததாரர்களின் பெயர்ப் பட்டியல், காப்பீட்டுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம்.

அதற்கு மேல் வெளி அனுமதிகள். அந்த விளையாட்டின் சங்கத்திடமிருந்து ஒப்புதல் இருந்தால்தான் அங்கீகாரம் பெற்ற நடுவர்கள் வருவார்கள், தரவரிசையில் ஆடுபவர்கள் தயங்காமல் பெயர் கொடுப்பார்கள். காவல்துறை, தீயணைப்புத் துறை தடையில்லாச் சான்று வேண்டுமா என்பது கூட்டத்தின் அளவையும் ஊரின் விதியையும் பொறுத்தது. அரங்கு அலுவலகத்திலேயே கேட்டால் வழக்கமாக என்னென்ன கேட்பார்கள் என்று சொல்லிவிடுவார்கள். இடைவேளையில் சினிமாப் பாட்டுப் போடப் போகிறீர்கள் என்றால் பாடல் உரிமத்தையும் மறக்காதீர்கள். ஒரு அனுமதி இன்னொன்றைக் கேட்கும். அரங்கு ஒதுக்கீட்டுக் கடிதம் இல்லாமல் தீயணைப்புத் துறை பார்க்காது, தீயணைப்புச் சான்று இல்லாமல் அரங்கு கடைசி ஒப்புதல் தராது. அதனால் தற்காலிக ஒதுக்கீட்டுக் கடிதத்தை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்தில் இருக்கும் பெயர், ரசீதில் இருக்கும் பெயர், டெபாசிட் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். எங்கள் பொருளாளர் அவசரத்துக்குத் தன் சொந்தக் கணக்கிலிருந்து டெபாசிட் கட்டினார், ரசீது சங்கத்தின் பெயரில் வந்தது. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க ஐந்து மாதம், நான்கு கடிதம். அவர் வீட்டுக் காசு அது.

7. ஒப்பந்தத்தில் எங்கே விரல் வைத்துப் படிக்க வேண்டும்

ஆறு மாதம் முன்னாலேயே தேதி விசாரியுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்தால் வார இறுதி கிடைப்பது கஷ்டம். வாய்மொழியாகப் "பிளாக் பண்ணி வைக்கிறோம்" என்பதற்கு ஆயுள் சில நாள்தான், முன்பணம் கட்டி ரசீது வாங்கும்வரை அது உங்கள் தேதி ஆகாது. நோட்டீஸ் அடிப்பதும் அதற்குப் பிறகுதான்.

ரத்து விதியை இரு பக்கமும் படியுங்கள். நீங்கள் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்னால் எவ்வளவு திரும்ப வரும் என்பது எல்லோரும் பார்ப்பது. அவர்கள் ரத்து செய்தால் என்ன என்பதைத்தான் பார்க்க மறக்கிறோம். பெரிய கூரை உள்ள கட்டடத்தை அவசரக் காலத்தில் அரசு எடுத்துக்கொள்ளும். 2005-இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் புகலிடமானது. 2020-லும் அதற்குப் பிறகும் எத்தனையோ அரங்குகள் கொரோனா சிகிச்சைக்கும் தடுப்பூசிக்கும் போயின. அது நியாயமானதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி நடந்தால் முழுப் பணமும் திரும்ப வருமா, வேறு தேதி தருவார்களா என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு முந்தின நாள் என்ன நிகழ்ச்சி என்றும் கேளுங்கள். முந்தின இரவு இசை நிகழ்ச்சி இருந்தால், அவர்கள் மேடையைப் பிரித்து முடிக்க அதிகாலை ஆகும். உங்களுக்குத் தர வேண்டிய மாலை நேரம் காற்றோடு போய்விடும். "அரங்கு காலியாக, சுத்தமாக இத்தனை மணிக்கு ஒப்படைக்கப்படும்" என்று நேரம் போட்டு எழுதி வாங்குங்கள்.

8. முந்தின மாலை

உள்ளே நுழைந்ததும் ஒரு பொருளையும் இறக்காதீர்கள். முதலில் அரங்கு மேற்பார்வையாளரோடு தரையைச் சுற்றி நடந்து, கீறல், உடைந்த நாற்காலி, விரிசல் கண்ணாடி எல்லாவற்றையும் தேதி நேரம் தெரியப் போட்டோ எடுத்து, அவருக்கே அனுப்பி வையுங்கள். இருபது நிமிட வேலை. டெபாசிட்டைக் காப்பாற்றுவது இந்த இருபது நிமிடம்தான்.

மரத்தரையில் எந்த டேப் ஒட்டலாம் என்று கேட்காமல் ஒட்டாதீர்கள். நாங்கள் பார்சல் கட்டும் பழுப்பு டேப்பால் மேட்டின் ஓரங்களை ஒட்டினோம். இரவு உரித்தபோது டேப்போடு சேர்ந்து தரையின் பளபளப்பு வார்னிஷும் வந்தது. வராத இடத்தில் பிசின் நின்றது. மூன்று பேர் முழங்காலில் உட்கார்ந்து, ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தோம். தண்ணீர் மரத்துக்கு ஆகாது என்று மேற்பார்வையாளர் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். டெபாசிட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தரைக்கே போனது. உரிக்கும்போது பிசின் விடாத, தரைக்கென்றே விற்கும் டேப் கிடைக்கிறது. விலை அதிகம்தான், வாங்கிவிடுங்கள். மேஜை நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். எதையும் இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்செருப்போடு யாரும் கோர்ட் பக்கம் வராதபடி வாசலிலேயே ஒருவரை நிறுத்துங்கள், அமைச்சரே வந்தாலும் சரி.

எல்லா அவசர வழிகளையும் ஒரு முறை நீங்களே திறந்து பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேட்டுத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டிகளை அடுக்க இடமில்லாமல் அந்த வழியில்தான் எல்லோரும் அடுக்குவார்கள். விடவே கூடாது.

9. போட்டி நாள்

ஒரே ஒருவர் கையில் கடிகாரத்தைக் கொடுங்கள். அவருக்கு வேறு வேலை வேண்டாம், விருந்தினரை வரவேற்கவும் அனுப்பாதீர்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே அடுத்தவர்களைக் கோர்ட் ஓரத்துக்கு அழைத்து வந்து நிறுத்த வேண்டும். கூப்பிட்ட பிறகு தேடினால் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் போகும். 17 முறைக்குக் கணக்குப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம்.

தொடக்க விழாவைக் காலையில் வைக்காதீர்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை நான்கு கோர்ட்டும் காத்திருக்கும். கோர்ட்டுகள் சும்மா இருக்கப்போகும் அரையிறுதி நேரத்துக்கு அவரை அழையுங்கள். அவருக்கும் நல்ல ஆட்டம் பார்க்கக் கிடைக்கும், கேலரியும் நிறைந்திருக்கும்.

முதலுதவிக்கு ஆள், ஐஸ் பெட்டி, ஆம்புலன்ஸ் நிற்க இடம். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், ஸ்ட்ரெச்சர் கோர்ட்வரை தடங்கல் இல்லாமல் வருமா என்று காலையிலேயே நடந்து பாருங்கள். இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி அரங்கில் இருக்கிறதா, எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்பதைத் தன்னார்வலர்கள் அத்தனை பேருக்கும் காட்டுங்கள்.

10. ஒப்படைப்பும் டெபாசிட்டும்

பரிசளிப்பு நடக்கும்போது மேட்டைச் சுருட்ட வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்தால் ஒன்றும் ஆகாது, அதற்காகத்தான் மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். முடிந்ததும், காலையிலிருந்து வேலை செய்து களைத்தவர்களை நம்பாமல், பிரித்து எடுப்பதற்கு என்றே புதிதாக ஆறேழு பேரை மாலையில் வரச் சொல்லுங்கள்.

காலியான பிறகு மேற்பார்வையாளரோடு மறுபடி அதே வழியில் சுற்றி வாருங்கள், அதே இடங்களைப் போட்டோ எடுங்கள். மின் மீட்டரையும் எடுங்கள். "குறை எதுவும் இல்லை" என்றோ, குறை இருந்தால் இன்னது என்றோ எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் உங்கள் கையில் வராமல் வாசலைத் தாண்டாதீர்கள். "நாளைக்கு ஆபீசில் வாங்கிக்கோங்க" என்பார்கள். வேண்டாம், அன்று இரவே வாங்குங்கள். நாளைக்குள் வேறு யாரோ வந்து வேறு எதையோ உடைத்திருப்பார்கள்.

டெபாசிட் கேட்டு மூன்று நாளுக்குள் கடிதம் கொடுங்கள். அசல் ரசீதின் நகல், கையெழுத்தான தாள், வங்கி விவரம் மூன்றையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம். அலுவலகத்துக்குப் போகும் அதே நாளில் அடுத்த வருடத்துக்கான தேதிக்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், இந்த முறை முந்தின மாலையும் சேர்த்து.